அந்த மேரி வேறு, இந்த மேரி வேறு

இந்த முறை வந்திருக்கும் கடிதம் ஒன்பது பக்கம், கூடவே பதினான்கு ஸ்கேன்கள். எழுதியவர் கும்பகோணத்துப் பெண், பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறார். கணவர் ஒஹாயோ மாநிலத்துக்காரர். எண்பது வயது மாமியாருக்கு ஒரே ஒரு ஆசை, தன் அம்மாவின் அம்மாவைப் பெற்ற மேரி யார் வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டும். குடும்பப் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மேரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் சிக்கலே அந்தப் பெயரில்தான். அதை வைத்து யாரையும் அடையாளம் கண்டுவிட முடியாது, அந்தக் காலத்து அமெரிக்காவில் தெருவுக்கு நாலு மேரி.

வாசகி சேர்த்து வைத்திருப்பவை இவை. ஒரு குடும்ப பைபிள்: அதில் ஏழு பிள்ளைகளின் பிறப்பு, 1859, 1861, 1866, 1868, 1876, 1878, 1880. மாமியாரின் பாட்டி 1868-இல் பிறந்த நாலாவது பிள்ளை. அப்புறம் 1860, 1870, 1880, 1900 ஆண்டுகளின் சென்சஸ் பக்கங்கள், நான்கிலும் கணவர் பெயருக்குக் கீழே மேரி. ஒரு கல்லறைக் கல்லின் படம்: கணவர் இறந்தது 1907, "அவர் மனைவி மேரி" 1845-1912. மேரியின் 1912 இறப்புச் சான்றிதழ்: அதில் அப்பா அம்மா பெயர், பிறந்த இடம் வர்ஜீனியா. அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு வர்ஜீனியாவில் 1760-கள் வரை போய், இணையத்தில் ஒரு பெரிய குடும்ப மரமே கட்டிவிட்டார். கடைசியாக, பின்பக்கம் தபால்தலை மாதிரி ஏதோ ஒட்டிய ஒரு பழைய புகைப்படம். மடியில் குழந்தையோடு ஒரு பெண், பின்னால் பென்சிலில் "அம்மா".

கேள்விகள்: 1858 வாக்கில் நடந்திருக்க வேண்டிய கல்யாணத்தின் பதிவு ஏன் கிடைக்கவில்லை? மரம் சரிதானா, அச்சிட்டு மாமியார் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமா? டிஎன்ஏ சோதனை உதவுமா? 2,000 டாலர் வாங்கிக்கொண்டு "1600 வரை கண்டிப்பாகக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்னும் ஒரு நிறுவனத்தை நம்பலாமா? குடியுரிமை இல்லாத தனக்கு அரசாங்கம் ஆவணம் தருமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன், அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வர்ஜீனியாவில் நீங்கள் கட்டிய மரம் ஒரு மேரியின் மரம்தான், தேடலிலும் பெரிய குறை தெரியவில்லை, ஆனால் அந்த மேரி உங்கள் மாமியாரின் கொள்ளுப்பாட்டி இல்லை என்றுதான் நீங்கள் அனுப்பிய காகிதங்களே சொல்கின்றன. அந்த மனிதருக்கு இரண்டு மனைவிகள், ஒருவருக்குப் பின் ஒருவர், இரண்டு பேருக்கும் பெயர் மேரி. குடும்ப வரலாறு தேடிக் கொடுக்கும் இந்தத் தொழிலில் இது புதிதில்லை. நானே ஒருமுறை இப்படி இரண்டு எலிசபெத்துகளை ஒரே ஆளாக்கி, ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளரிடம் போய் அசடு வழிந்திருக்கிறேன்.

உங்கள் காகிதங்களே சொல்லும் கதை

1860-இல் மேரிக்கு வயது 24, பிறந்தது பென்சில்வேனியா. 1870-இல் 34, அதே பென்சில்வேனியா. 1880-இல் வயது 35, பிறந்தது வர்ஜீனியா. பத்து வருடத்தில் ஒரே ஒரு வயதுதான் கூடியிருக்கிறது. "அந்தக் காலத்துப் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்களாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், சொல்வார்கள், ஆண்களும் சொன்னார்கள், கணக்கெடுக்க வந்தவருக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குத்துமதிப்பாகச் சொன்ன வயதும் ஏறியிருக்கும். வயது மட்டும் மாறியிருந்தால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். வயதோடு பிறந்த மாநிலமும் சேர்ந்து மாறி, மாறிய பிறகு 1900 வரை அப்படியே நிற்கிறது என்றால் அது வேறு ஆள்.

1900 பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வருடத்துப் படிவத்தில் பெண்களுக்கு மிக உபயோகமான மூன்று கட்டங்கள் வரிசையாக இருக்கும்: கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைக்குத் தாய், அதில் எத்தனை பேர் உயிரோடு. உங்கள் மேரிக்கு நேரே 26, 3, 3. இதை எழுத்தரின் பிழை என்று தள்ளிவிட்டீர்கள். 1900-இலிருந்து 26-ஐக் கழித்தால் 1874. பைபிளில் 1874-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை எண்ணுங்கள், 1876, 1878, 1880. மூன்றே மூன்று. எழுத்தர் பிழை இவ்வளவு அழகாகக் கணக்குக்கு ஒத்துப்போகாது.

1880 பக்கத்தில் ஏழு பிள்ளைகளும் "மகன்", "மகள்" என்றுதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். குடும்பத்தலைவருக்கு என்ன உறவு என்று எழுதும் வழக்கம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது, அந்த உறவும் தலைவருக்கு மட்டும்தான். அதாவது அவர்கள் அவருடைய பிள்ளைகள், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் மனைவி பெற்றவர்களா இல்லையா என்பதைப் பற்றி அந்தக் கட்டத்துக்குக் கவலையே இல்லை.

பைபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பக்கத்தில் அச்சான வருடம் 1882 என்று இருக்கிறது. ஏழு பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில். 1859-இல் பிறந்த குழந்தையை 1882-இல் அச்சான புத்தகத்தில் அன்றைக்கே எழுதியிருக்க முடியாது, பிறகு யாரோ உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது. எழுதியது அநேகமாக இரண்டாவது மேரியாகத்தான் இருக்கும், தனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவளின் கல்யாணத்தையும் சாவையும் எழுத அவருக்குத் தோன்றவில்லை போல. நான்கு பிள்ளைகளையும் விடாமல் எழுதினாரே, அதற்கு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று, 1870 பக்கத்திலேயே மூன்று வீடு தள்ளிக் கீழே பாருங்கள். வர்ஜீனியாவில் பிறந்த ஒரு குடும்பம், அதில் 25 வயதில் ஒரு மேரி. அந்த வீட்டுத் தலைவரின் பெயரும், 1912 சான்றிதழில் மேரியின் அப்பா என்று இருக்கும் பெயரும் ஒன்று. இதை நீங்கள் எப்படித் தவறவிட்டீர்கள் என்று கேட்க மாட்டேன், தேடுகிற பெயர் கிடைத்ததும் கண் அந்த வரியோடு நின்றுவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். மனைவியை இழந்த விவசாயி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் நான்கு, மூன்று வீடு தள்ளி ஒரு பெண். நமக்குப் புரியாத கதையா இது?

அப்படியானால் முதல் மேரி எங்கே போனாள்?

1870 ஜூனில் உயிரோடு இருக்கிறாள், 1874-இல் அவள் இடத்தில் இன்னொருத்தி. பெரும்பாலும் இறந்திருப்பாள், பிரசவத்திலோ, காசநோயிலோ, டைஃபாய்டிலோ. ஒஹாயோவில் 1867 முதல் ஒவ்வொரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) புரோபேட் கோர்ட்டும், அதாவது உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் கோர்ட்டும், பிறப்பு இறப்புகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது, ஆனால் எல்லா இறப்பும் ஏறவில்லை. இருந்தாலும் 1870 முதல் 1874 வரை அந்தக் கவுண்டிப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள், பெயர் அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். 1870 சென்சஸோடு சேர்ந்த இறப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதில் தேட வேண்டாம், அது 1869 ஜூன் முதல் 1870 மே வரை இறந்தவர்களுக்கு மட்டும்.

கல்லறையில் அந்தப் பெரிய கல் 1907-க்குப் பிறகு வைத்தது. முதல் மேரிக்கு ஒரு சின்னக் கல் இருந்தால் அது 1860-களில் அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பக்கத்து இடுகாட்டில், ஒருவேளை அவள் பிறந்த வீட்டு மனிதர்களோடு இருக்கும். அந்தக் காலத்துக் கற்களில் "இன்னாரின் மனைவி, வயது 36 வருடம் 4 மாதம் 11 நாள்" என்கிற மாதிரி வெட்டியிருப்பார்கள், இறந்த தேதியும் இருந்தால் கழித்துப் பிறந்த தேதியை எடுத்துவிடலாம்.

இறக்காமலும் இருக்கலாம் என்பதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். விவாகரத்து அன்றும் இருந்தது. ஒஹாயோவில் அது காமன் ப்ளீஸ் கோர்ட் என்னும் கவுண்டி நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். பக்கத்து மாநிலமான இண்டியானாவில் 1873-இல் சட்டத்தை இறுக்கும்வரை விவாகரத்து வாங்குவது மிகச் சுலபம் என்று ஊருக்கே தெரியும், எல்லை தாண்டிப் போய் வாங்கிவந்தவர்கள் உண்டு. மனநோய் விடுதி இன்னொரு சாத்தியம். இல்லினாயில் 1851-இல் வந்த சட்டப்படி, கணவன் கேட்டால் பொது விசாரணை இல்லாமலே மனைவியை விடுதியில் அடைக்கலாம். எலிசபெத் பாக்கார்ட் என்னும் பாதிரியார் மனைவி 1860-இல் அப்படி அடைக்கப்பட்டு, மூன்று வருடம் கழித்து வெளியே வந்து, அந்தச் சட்டத்தையே மாற்ற ஊர் ஊராகப் போராடினார். உங்கள் மேரிக்கு அப்படி நடந்ததென்று நினைக்க எந்தக் காகிதமும் இல்லை. ஆனால் இறப்பும் கல்லும் கிடைக்கவே இல்லையென்றால், 1880-இல் விடுதிகளில் இருந்தவர்களுக்கென்று எடுத்த தனிப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவள் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கும்?

"மேரியின் ஆவணங்களைத் தேடினேன், எதுவுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சட்டத்தின் முன் ஆளாக நிற்கும் உரிமை பெரும்பாலும் இல்லாத காலம் அது. நிலம் கணவன் பெயரில், கடன் கணவன் பெயரில், வரி கணவன் பெயரில். ஓட்டும் கிடையாது. 1850-க்கு முந்திய சென்சஸ்களில் குடும்பத்தலைவர் பெயர் மட்டும்தான், மனைவி, மகள் எல்லாம் வயது வாரியாகப் போட்ட எண்ணிக்கை. ஆகவே அவளைத் தேடாதீர்கள், யாருக்கெல்லாம் அவளுடைய ஒப்புதலோ பெயரோ தேவைப்பட்டது என்று யோசியுங்கள். அந்த மனிதர்களின் காகிதத்தில் அவள் இருப்பாள்.

முதலாவது கணவனின் கிரயப் பத்திரங்கள். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவன் காலத்துக்குப் பிறகு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு, அதனால் அவன் நிலம் விற்றால் வாங்குகிறவர் மனைவியின் கையெழுத்தையும் கேட்பார், இல்லையென்றால் பின்னால் வில்லங்கம். அதிகாரி அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, "உன் இஷ்டப்படிதான் கையெழுத்துப் போடுகிறாயா" என்று கேட்டு அதையும் பத்திரத்தில் எழுதுவார். 1858 முதல் 1880 வரை அவர் விற்ற எல்லாப் பத்திரத்தையும் வரிசையாக அடுக்குங்கள். நடுவில் ஒரு பத்திரத்தில் மனைவியே இல்லையென்றால் அப்போது அவர் மனைவியை இழந்திருந்தார் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. முதல் மேரி கைநாட்டு வைப்பவளாகவும் அடுத்தவர் கையெழுத்துப் போடுபவராகவும் இருந்தால் இன்னும் நல்லது, பதிவுப் புத்தகத்தில் நகலெடுத்த எழுத்தர் "அவள் குறி" என்பதையும் சேர்த்தே நகலெடுத்திருப்பார்.

இரண்டாவது அவள் அப்பாவின் சொத்துப் பிரிவினை. அப்பா உயில் இல்லாமல் இறந்தால் வாரிசுகள் எல்லோரையும் கோர்ட்டில் பட்டியல் போட வேண்டும், கல்யாணமான பெண்களைக் கணவன் பெயரோடு. மேரி அப்பாவுக்கு முன்னாலேயே இறந்திருந்தால் அவள் பங்கு அந்த நான்கு பிள்ளைகளுக்கு. அப்போது என்ன ஆகும் தெரியுமா, பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளின் பங்குக்குக் கார்டியன் நியமிப்பார்கள், பல சமயம் அந்தத் தகப்பனையே. "அப்பா உயிரோடுதானே இருந்தார், கார்டியன்ஷிப் பதிவேட்டில் எதற்குத் தேடுவது" என்று எல்லோரும் தாண்டிப்போகிற இடம் இது. அங்கே தேடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு, தகப்பன் மட்டும் இறந்து தாய் இருக்கும் பிள்ளைகளையும் அன்றைய கோர்ட்டுகள் "அனாதை" என்றே எழுதின. அந்தச் சொல்லைப் பார்த்துத் தாயையும் சாகடித்துவிடக் கூடாது.

மூன்றாவது மூத்த நான்கு பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்கள். ஒஹாயோவில் மாநில அளவில் இறப்புச் சான்றிதழ் 1908 டிசம்பர் 20-இல் தொடங்குகிறது, அதன் பிறகு இறந்த ஒவ்வொருவர் சான்றிதழிலும் தாயின் பிறந்தவீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நாலு பேருடையதையும் எடுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். தகவல் கொடுத்தவர் பேரனாக இருந்தால் அவனுக்குத் தெரிந்த பாட்டி இரண்டாவது மேரிதான், அவர் பெயரையே சொல்லியிருப்பான். மூன்று பேருடையதில் ஒரு பெயரும் ஒன்றில் வேறும் வந்தால் தகவல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள், எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிள்ளைகளின் நடுப்பெயரையும் கவனியுங்கள், தாயின் பிறந்தவீட்டுப் பெயரை அதில் வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் 1861-இல் பிறந்த பையனின் நடுப்பெயர் "டவ்" என்பதை வைத்து அவள் டவ் குடும்பத்துப் பெண்ணாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்களே, அவன் முழுப்பெயர் லொரன்சோ டவ். அது ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த ஒரு புகழ்பெற்ற போதகரின் பெயர், அவர் மேல் இருந்த அபிமானத்தில் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். நம் ஊரில் காந்தி என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் போர்பந்தர்காரர்களா? மெதடிஸ்ட் சபை பக்கம் தேடலாம் என்பதற்கு வேண்டுமானால் அது ஒரு சின்னக் குறிப்பு.

கல்யாணப் பதிவு கிடைக்காததற்கு என் யூகம் எளிமையானது. நீங்கள் மாப்பிள்ளையின் கவுண்டியில் தேடியிருக்கிறீர்கள். அங்கேயும் அப்போது கல்யாணம் பெண் வீட்டில்தான். சுற்றியிருக்கும் கவுண்டிகளின் புரோபேட் கோர்ட் பதிவேடுகளையும், அதில் இல்லையென்றால் மேற்குப் பென்சில்வேனியாவையும் பாருங்கள். ஆனால் பென்சில்வேனியா அந்தக் காலத்தில் கல்யாணத்தைச் சரியாகப் பதியவில்லை, அங்கே சபைப் பதிவேடுதான் கதி. பெயர் தெரிந்த பிறகு 1850 சென்சஸுக்குப் போங்கள், 14 வயதில் அப்பா வீட்டில் இருப்பாள். பெயர் தெரியாமல் "பென்சில்வேனியாவில் பிறந்த மேரி" என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வரும், கண்தான் வலிக்கும்.

கவுண்டி வரலாறு என்று 1880-களில் தடித்தடியாகப் புத்தகங்கள் வந்தன, ஓரளவு வசதியான விவசாயிகள் சந்தா கட்டித் தங்கள் வாழ்க்கைக் குறிப்பைப் போட்டுக்கொண்டார்கள். தற்பெருமை நிறைய இருக்கும், பரவாயில்லை, "முதல் மனைவி இன்னாரின் மகள்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

நான் முதலில் வரவழைக்கும் கோப்பு

பிள்ளைகளின் பட்டியலில் 1861-க்கும் 1866-க்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) ஒஹாயோ காலாட்படையில் இருந்ததாக மாமியார் சொன்னாரென்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்குக் கடிதத்திலேயே பெரியது. வடக்கு மாநிலங்களின் படையில் இருந்தவர் என்றால் பென்ஷன் வாங்கியிருக்க நல்ல வாய்ப்பு, குறிப்பாக 1890 சட்டம் வந்த பிறகு, போரில் காயப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அந்தக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1898-இல் பென்ஷன் அலுவலகம் படைவீரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. கல்யாணமானவரா? மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரோடு முழுப்பெயர் என்ன? எங்கே, எப்போது, யார் நடத்திவைத்தார்? முன்னால் கல்யாணமானதுண்டா? ஆமென்றால் அந்த மனைவியின் பெயர், இறந்த அல்லது விவாகரத்தான தேதியும் இடமும்? உயிரோடிருக்கும் பிள்ளைகள் யார் யார்? உங்கள் கேள்வித்தாளையே யாரோ 1898-இல் அச்சடித்து அவர் கையில் கொடுத்த மாதிரி இல்லை? போதாததற்கு, 1907-இல் அவர் இறந்ததும் இரண்டாவது மேரி விதவைப் பென்ஷன் கேட்டிருப்பார். 1908 ஏப்ரல் சட்டப்படி 1890 ஜூன் 27-க்கு முன்னால் கல்யாணமான விதவைக்கு மாதம் 12 டாலர், விடுவாரா? அதைக் கேட்கும்போது கணவனின் முந்தைய கல்யாணம் எப்படி முடிந்தது என்று நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தார், முதல் மேரியின் சொந்தக்காரர்கள்கூட வந்திருக்கலாம்.

எந்த ரெஜிமெண்ட் என்று தெரியாவிட்டால் 1890-இல் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனியாக எடுத்த பட்டியலைப் பாருங்கள். 1890 சென்சஸின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் போய்விட்டது, ஆனால் அந்தத் தனிப் பட்டியலில் ஒஹாயோ பக்கங்கள் தப்பித்துவிட்டன. கோப்பு கேட்கும்போது படைவீரர் கோப்பு, விதவை கோப்பு இரண்டும் சேர்த்து முழுவதும் வேண்டும் என்று குறிப்பிடுங்கள், பொறுக்கி எடுத்த சில பக்கங்கள் வேண்டாம், நமக்கு வேண்டியது அந்தப் பொறுக்காத பக்கத்தில்தான் இருக்கும்.

குடியுரிமை பற்றிய பயம் வேண்டாம். காப்பகத்தில் ஆய்வு செய்ய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, கும்பகோணத்திலிருந்தே கேட்டாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். ஒஹாயோவின் இறப்புச் சான்றிதழ்களும் பொது ஆவணம், உறவு என்று காட்டத் தேவையில்லை. ஆனால் சில மாநிலங்களில் உறவைக் கேட்பார்கள், அப்போது மாமியார் பெயரில் விண்ணப்பம் போடுங்கள்.

டிஎன்ஏ, காசு, மரம்

மாமியார், அவர் அம்மா, பாட்டி, மேரி என்று இது சுத்தமான தாய்வழிக் கோடு. தாய் மட்டுமே தரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மேரியிடமிருந்து மாமியாருக்கு வந்திருக்கும், உங்கள் கணவரிடமும் இருக்கும், அவரோடு நின்றுவிடும். "எங்கள் மகளிடமும் மேரியின் அந்தத் துளி இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள், அழகான வரி, ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது உங்கள் அம்மாவுடையது, கும்பகோணத்துத் துளி. மேரியின் மற்ற மரபணுவில் கொஞ்சம் மகளுக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

சோதனை செய்வதானால் எண்பது வயது மாமியாரைத்தான் செய்யச் சொல்ல வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல். கொள்ளுப்பாட்டியிடமிருந்து சராசரியாக எட்டில் ஒரு பங்கு வந்திருக்கும். எல்லா வழியிலிருந்தும் வரும் டிஎன்ஏவைப் பார்க்கும் சாதாரண சோதனை போதும். அதில் மாமியாருக்கு மேரியின் அண்ணன் தங்கைகளின் வம்சத்தோடு பொருத்தம் தேட வேண்டும். அவர்கள் மூன்றாம் நிலைக் கசின்கள், அதாவது நாலு தலைமுறைக்கு மேலே ஒரே தம்பதியின் வழி வந்தவர்கள், அந்த நிலையில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே காட்டாது, ஆகவே ஒருவரோடு பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சோதனை 1870-ஐ மட்டும் காட்டாது, 1940-களையும் காட்டும். யாருக்குத் தெரியாமல் யார் பிறந்தார் என்பது வெளியே வந்தால் அதைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அந்த 2,000 டாலர் நிறுவனத்தைப் பற்றி: "கண்டிப்பாக", "1600 வரை" என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததுமே நான் கடையைச் சாத்திவிடுவேன். என்ன கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. முதல் தவறைக் கண்டுபிடிக்காமல் உங்கள் வர்ஜீனியா மரத்தையே நீட்டி, ஒரு குலச்சின்னத்தையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். நானும் இதே தொழிலில் காசு வாங்குகிறவன்தான், அதனால் என் பேச்சைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆள் வைப்பதானால் மணிக்கணக்குக் கட்டணம், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரத்தோடு எழுத்தறிக்கை என்று ஒப்பந்தம் போடுங்கள். இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்று 1964-இலிருந்து இயங்கும் சான்றளிப்பு வாரியம் ஒன்று இருக்கிறது, அதில் தகுதி பெற்றவரா என்றும் கேளுங்கள். மேலே சொன்னதில் பாதிக்கு மேல் நீங்களே செய்யலாம். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், கையெழுத்துப் பத்திரங்களை இயந்திரம் படித்து உள்ளே இருக்கும் எந்தப் பெயரையும் தேடித்தரும் வசதி அதில் வந்துவிட்டது. பத்திரத்தின் நடுவே "அவர் மனைவி மேரி" என்று புதைந்து கிடக்கும் பெண்களுக்கு இதைவிட நல்லது எதுவும் நடக்கவில்லை.

இணையத்தில் போட்ட மரத்தை இன்றைக்கே திருத்துங்கள். ஏற்கனவே பதினொரு பேர் நகலெடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள், அவர்களை ஒன்றும் செய்ய முடியாது, உங்களுடையதில் ஏன் மாற்றினீர்கள் என்று 1900 சென்சஸ் கணக்கோடு ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். வர்ஜீனியா உழைப்பு வீண் என்று நினைக்காதீர்கள், அந்த மேரியின் மூன்று பிள்ளைகள் வழி வந்தவர்கள் எங்காவது இருப்பார்கள், அவர்களுக்கு அது பொக்கிஷம். அவர்களில் ஒருவர் வீட்டு அலமாரியில் உங்களுக்கு வேண்டிய காகிதம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்புறம், பெற்றவள் இல்லாத நான்கு பிள்ளைகளை வளர்த்தவரும் அவர்தான்.

கடைசியாக அந்தப் புகைப்படம். கல்யாணப் படம் என்று மாமியார் சொன்னாராம். பின்னால் ஒட்டியிருப்பது தபால்தலை இல்லை, வரி வில்லை. போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டும் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு புகைப்படத்துக்கும் வரி போட்டார்கள், படத்தின் விலையைப் பொறுத்து வில்லையின் மதிப்பு. உங்களுடையது இரண்டு சென்ட், அதாவது 25 சென்டுக்கு மேற்படாத படம். வில்லையின் மேல் மையால் கிறுக்கியிருப்பது படக்காரர் அதை ரத்து செய்த குறி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் தேதிகூடக் கிடைக்கலாம். அந்த இரண்டு வருடத்தில் இரண்டாவது மேரிக்கு இருபது வயது, கல்யாணம் ஆகவில்லை, மூன்று வீடு தள்ளியோ வேறெங்கோ இருக்கிறார். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவள் அநேகமாக முதல் மேரி. பெயர் தெரியாமல் நீங்கள் தேடிக்கொண்டிருப்பவளின் முகம் இத்தனை நாளும் மாமியார் வீட்டு மேஜை இழுப்பறையில் இருந்திருக்கிறது.

அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், "அம்மா" என்று பென்சிலில் எழுதியது யார் என்று தெரியாது. அதை மாமியாரிடம்தான் கேட்க வேண்டும், இந்தப் படம் யார் கையிலிருந்து உங்களுக்கு வந்தது, அவர் எந்தப் பிள்ளையின் வழி, கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று. ஃபோனில் ரெக்கார்ட் போட்டுவிட்டுக் கேளுங்கள். வில்லையை மட்டும் தயவுசெய்து உரிக்க வேண்டாம்.